முன்பக்கத் தோல் இன்னும் மாட்டவில்லை

கோவில்பட்டி,
23 ஏப்ரல் 2025

அன்பு நண்பன் பிச்சை முகம்மதுவுக்கு,

பாக்கியசாமி எழுதுகிறேன். நானும் ஜெயகுமாரியும் வெயிலைத் திட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். சார்ஜாவில் நீயும் மகள் ருமானாவும் மருமகன் சபியுல்லாவும் நன்றாக இருக்க வேண்டும் என்று பாஸ்கா பூசையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். உனக்கு ஒன்று, உன் காதுக்குத் தனியாக ஒன்று. காது போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது, இன்னும் என்ன மெழுகுவர்த்தி என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

போன மாதம் வந்த உன் கடிதத்தை இன்னும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். மூன்று வருஷத்தில் நீ ஆசைப்பட்டுக் கேட்ட முதல் காரியம் அது. பக்ரீதுக்கு ருமானாவோடு ஊருக்கு வருகிறாய், அதற்குள் உன் டிரம் செட்டை என் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிச் சரி பண்ணி வைக்க வேண்டும், ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும், காதுக்கு எட்டாவிட்டாலும் பேஸ் டிரம் அடி காலுக்கும் நெஞ்சுக்கும் எட்டும் என்று எழுதியிருந்தாய். படித்த கையோடு ஏணியைப் போட்டுவிட்டேன். அறுபத்துநாலு வயதில் ஏணி ஏறுகிறவனை ஜெயகுமாரி என்னவெல்லாம் சொல்லியிருப்பாள் என்று நீயே ஊகித்துக்கொள். நல்லவேளை, மறுநாளே தூத்துக்குடியில் மகள் சபிதா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை. வீடு முழுக்க என் பட்டறைதான்.

இதையெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பினால் என்ன என்று ஊருக்குப் போகுமுன் ஜெயகுமாரி கேட்டாள். உன் போன் ருமானா கையில் இருக்கிறது, எது வந்தாலும் அவள் படித்துவிட்டுத்தான் உனக்குக் காட்டுகிறாள், நம் பேச்சு நமக்குள் இருக்கட்டும், காகிதத்தில் எழுது என்று நீ சொன்னதைச் சொன்னேன். கிழவன்களுக்கு என்ன ரகசியம் என்று போய்விட்டாள்.

செட் விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் செய்த சாமான், நம்மைவிட ஒன்றிரண்டு வயதுதான் இளையது. மதுரை ரயில்வே காலனியில் அந்த ஆங்கிலோ இந்தியரிடம் வாங்கி, பஸ் கூரையில் கட்டி, நம்பிக்கை இல்லாமல் சாத்தூர் வரைக்கும் நீயும் கூரையிலேயே உட்கார்ந்து வந்தாயே, அந்த அழகு இப்போது இல்லை. மேலே ஒட்டியிருந்த சிவப்பு மினுக்குத் தகடு வெயிலுக்குப் பிரிந்து ஓரமெல்லாம் எழும்பி நின்றது. பசை தடவி, சைக்கிள் டியூபை ரிப்பன் ரிப்பனாக வெட்டிச் சுற்றி இறுக்கி, இரண்டு நாள் தொடாமல் விட்டேன். பிடித்துக்கொண்டது. பெடலில் இருந்த தோல்வார் அற்றுப்போயிருந்தது, என் பழைய பெல்ட்டில் இருந்து ஒரு துண்டு வெட்டிப் போட்டேன். இறுக்குகிற போல்ட் ஐந்து காணவில்லை. கடையில் எதை வாங்கினாலும் திருகுகிற மரை சேரவில்லை. லேத் மந்திரமூர்த்தியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது வெள்ளக்காரன் மரைல்லா அண்ணாச்சி, ஒவ்வொண்ணாக் கடைஞ்சாத்தான் உண்டு" என்றார். அப்படியே கடைந்தும் கொடுத்தார். இப்போது விரலால் திருகினாலே வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது.

சிம்பல் தட்டை மட்டும் நான் தொடவில்லை. இறக்கிய அன்றைக்கே ஜெயகுமாரி புளியும் சாம்பலுமாக வந்து நின்றாள். கறை ஏறினால்தான் அதற்குச் சத்தம், தேய்த்தால் பிச்சை என்னைக் கொன்றுவிடுவான் என்று கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். உன் சாமானின் அருமை எனக்குத் தெரியாதா?

பேஸ் டிரம்தான் பெரிய வேலை. முன்பக்கத் தோலைக் கழற்றினால் உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும் என்று கம்போடு நின்றேன். எலி இல்லை. சத்தத்தை அமுக்க நீ எந்தக் காலத்திலோ திணித்த பழைய சேலை ஒன்று, உருட்டி, நாடா போட்டு மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பச்சையில் மஞ்சள் புள்ளி போட்ட சுங்குடி. மேலே தூசி, ஆனால் துணி வெண்ணெய் மாதிரி. உள்மடிப்பில் ஏதோ சோப்பு வாசம்கூட இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் தீப்பெட்டி லேபிள் பிரஸ்ஸில் இருந்தவன் புத்தி எங்கே போகும்? மெஷின் உருளையில் மை துடைக்கப் பழைய நூல் சேலை மாதிரி ஒன்று கிடையாது, பிரஸ்காரர்கள் அதற்குத்தான் அலைகிறார்கள். ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். கோடு போட்ட மாதிரி கிழிந்தது. பன்னிரண்டு துண்டு. அன்றைக்கே கொண்டுபோய் பிரஸ்ஸில் கொடுத்துவிட்டேன், ஃபோர்மேன் சீனிக்கு வாயெல்லாம் பல். அதற்குப் பதிலாக உனக்குப் புது இலவம்பஞ்சுத் தலையணை சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷம் அழுக்குத் துணியை வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறாய். வந்து பார், டிரம் புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

நீ இப்போது வீட்டில் வாய் திறப்பதே இல்லை என்று ருமானா வருத்தப்பட்டாள். உன் குரல் உனக்குக் கேட்காததால் கத்திவிடுவோமோ என்று கூச்சமாமே. பெற்ற மகளிடம் என்ன கூச்சம்? சாப்பிடும்போதாவது இரண்டு வார்த்தை பேசு.

மாத்திரையை மறக்காதே. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் வருகைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும்,
பாக்கியசாமி


கோவில்பட்டி,
6 மே 2025

பிச்சை,

முதலில் ஒன்று கேட்கிறேன். நான் ஏப்ரல் 23-ஆம் தேதி எழுதிய கடிதம் வந்துவிட்டதா? வரவில்லையென்றால், சபியுல்லா அதைக் கம்பெனித் தபால் பெட்டியிலிருந்து எடுத்துவந்து கொடுக்கும்போது பிரிக்காமல் கிழித்துப் போடு. இது உன் கையில் இருக்கிறது என்றால் அது முன்னாலேயே வந்திருக்கும் என்று எனக்கும் புரிகிறது. புரிந்தும் எழுதுகிறேன், வேறு என்ன செய்ய?

நீ ஏப்ரல் 18-ஆம் தேதி எழுதியது நேற்று மத்தியானம் வந்தது. சாப்பிட உட்கார்ந்தவன், படித்துவிட்டுக் கையைக் கழுவிவிட்டேன்.

செட்டை என்ன வேண்டுமானாலும் செய், பேஸ் டிரம்முக்குள் இருப்பதை மட்டும் தொடாதே, அது அக்தர் பானுவின் சேலை என்று எழுதியிருக்கிறாய். ருமானா ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது நீ வீட்டில் வாசித்துப் பழக, பிள்ளை தூக்கத்தில் திடுக்கிட்டு அழ, பொறுக்க மாட்டாமல் பானு தன் சேலை ஒன்றை உருட்டி டிரம்முக்குள் திணித்து, இனி எவ்வளவு வேணும்னாலும் அடிங்க என்றதாக எழுதியிருக்கிறாய். அவள் மௌத்தான நாற்பதாம் நாள் அவள் உடுத்தியதையெல்லாம் தானம் கொடுத்தார்கள், இது ஒன்று மட்டும் உள்ளே இருப்பதை நீ யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுடையது ஒரு துண்டுத் துணிகூட இல்லையா என்று ருமானா கேட்டபோதெல்லாம் இல்லை என்றே சொல்லி வந்திருக்கிறாய். பத்தொன்பது வருஷம். இந்தத் தடவை அவளை எதிரில் உட்காரவைத்து உன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் வருகிறேன், வாசிப்பதெல்லாம் அப்புறம் என்று எழுதியிருக்கிறாய். போன கடிதத்தில் இதை எழுத வெட்கமாக இருந்ததாம்.

ஏலே, என்னிடம் உனக்கு என்ன வெட்கம்? நான் கீபோர்டு, நீ டிரம், நாற்பது வருஷம் ஒரே வேனில் தூங்கி விழுந்திருக்கிறோம். ஒரு வரி, ஒரே ஒரு வரி முதல் கடிதத்தில் எழுதியிருந்தால் என்ன? கோபம் வருகிறது. உன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை, அதுவும் தெரிகிறது. எல்லாச் சாமானையும் எங்களைத் தூக்கவிடுவாய், பேஸ் டிரம்மை மட்டும் நீதான் தூக்குவாய். அதில் உன் சொத்துப் பத்திரமா இருக்கிறது என்று நான்தான் கேலி பண்ணுவேன். கேலி பண்ணத் தெரிந்தவனுக்கு ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

நேற்றே பிரஸ்ஸுக்கு ஓடினேன். சீனிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு துண்டு இரண்டு நாள்தான் தாங்கும், அப்புறம் பின்னால் தகர டின்னில் போட்டு வாரத்துக்கு ஒரு நாள் எரித்துவிடுவார்கள், நான் ஃபோர்மேனாக இருந்தபோது நானே கொண்டுவந்த பழக்கம்தான். "மையும் மண்ணெண்ணெயும் ஊறின துணி அண்ணாச்சி, தீப்பெட்டி ஊர்ல அத யாரு வச்சிருப்பா" என்றான். சரிதானே. டின்னைக் கவிழ்த்துச் சாம்பலைக் குச்சியால் கிளறினேன். நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பச்சையாக ஒன்றும் இல்லை. மஞ்சளாகவும் இல்லை.

அங்கிருந்து தபாலாபீஸ். போட்ட கடிதத்தைத் திருப்பி வாங்க வழி உண்டா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பிள்ளை, என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே வந்தது. பதிவுத் தபாலாக இருந்தாலாவது எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம், இது சாதாத் தபால், இந்நேரம் கடலைத் தாண்டியிருக்கும் என்றது. தண்ணீர் குடிக்கிறீர்களா தாத்தா என்று கேட்டது.

ஜெயகுமாரிக்கு இன்று காலையில்தான் சொன்னேன். பச்சையில மஞ்சப் புள்ளியா என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேறுகாலம் முடிந்து பானு முதல்முதலாக வெளியே வந்தது அந்தச் சேலையில்தானாம். "நான் மட்டும் வீட்ல இருந்திருந்தா..." என்றாள், முடிக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். காப்பி மட்டும் வந்தது.

ருமானாவுக்கு ஒரு மெசேஜ் போட்டு அந்தக் கடிதத்தை உனக்குக் கொடுக்காதே என்று சொல்லலாம். ஏன் மாமா என்று கேட்பாள். சொன்னால், அம்மாவுடைய சேலை ஒன்று இருந்தது என்பதும் அது இல்லை என்பதும் அவளுக்கு ஒரே நாளில் தெரியும். அதுவும் என் வாயால். போனை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கே தேடுவது என்று தெரியாமல் தேடுகிறேன்.

பாக்கியசாமி


கோவில்பட்டி,
25 மே 2025, ஞாயிறு

என் பிச்சைக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலை நம்பி விடவில்லை. கயத்தாறு சுடலைக்குமார் உங்கள் ஊரில் டிரைவராக இருக்கிறார், செவ்வாய்க்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறார். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், மகள் கையிலோ மருமகன் கையிலோ கொடுக்கக் கூடாது என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். பார்க்கட்டும்.

முதல் கடிதம் உனக்கு வந்துவிட்டது. போன சனிக்கிழமை ஜெயகுமாரி போனுக்கு ருமானா எழுதியிருந்தாள். "அத்தா ஒரு லெட்டர் படிச்சாங்க அத்தை. அதுல இருந்து சரியாச் சாப்பிடல. ஊருக்குப் போறோமா இல்லையான்னு எழுதிக் காட்டிக் கேட்டாலும் தலைய அசைக்க மாட்டேங்காங்க. நாலாம் தேதி டிக்கெட் போட்டது அப்படியே இருக்கு. மாமா அதுல என்னதான் எழுதினாங்க?" ஜெயகுமாரி போனை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கடைசியில், டிரம் வேலை நல்லா நடக்குது தாயி, அத்தாவைக் கட்டாயம் கூட்டிட்டு வா என்று அடித்து அனுப்பினேன். அவள் ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு துண்டு கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் தெரியவில்லை.

பிரஸ்ஸில் லேபிள் எண்ணிக் கட்டுகிற வெயிலம்மாள், இடைசெவல்காரி, கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் இருந்துவிட்டு இந்த வாரம்தான் வேலைக்கு வந்தாள். நான் சாம்பலைக் கிளறிய கதையை யாரோ அவளிடம் சொல்ல, மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தது அந்தச் சேலைத் துண்டு. மையில் முக்க மனசு வரவில்லை என்று ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாளாம். விவரத்தைச் சொன்னேன். முடிச்சை அவிழ்த்துத் துணியை நீவி என் கையில் கொடுத்தாள். "இது ஒருத்தி ஆசையா உடுத்துனதுன்னு தொட்டாலே தெரியுதே அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள். தெரியவில்லை, பிச்சை. பல்லால் கடித்தவனுக்கே தெரியவில்லை.

முந்தானைப் பக்கம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஓரத்தில் நான் கடித்த இடம் பிசிறாக நிற்கிறது. அவள் தினமும் சோப்புப் போட்டுத் துவைத்திருக்கிறாள், நல்ல மனசோடு. நான் மூன்று தடவை மோந்து பார்த்தேன். வெயிலம்மாள் வீட்டுப் புளிக்குழம்பு வாசம்தான் வருகிறது.

அதைச் சுடலைக்குமாரிடம் கொடுத்தனுப்பத் துணிவில்லை. வழியில் தவறினால் அதுவும் போச்சு, ருமானா கண்ணில் பட்டால் நீ சொல்ல வேண்டியதைத் துணி சொல்லிவிடும். ஜெயகுமாரி அதை மடித்துத் தன் ஜெபப் புத்தகம் இருக்கிற அலமாரியில் வைத்திருக்கிறாள். சாவி அவளிடம். என்னை நம்பிக் கொடுப்பதாக இல்லை, அதில் தப்பும் இல்லை.

செட் தயாராக இருக்கிறது. டாம், ஸ்னேர் எல்லாம் தோல் போட்டு இறுக்கியாகிவிட்டது. எப்படி இறுக்க வேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும், நான் கைக்கு வந்த மட்டும் செய்தேன். பேஸ் டிரம்முக்கு மட்டும் முன்பக்கத் தோல் மாட்டவில்லை. தலையணை வந்தது, உள்ளே வைத்துப் பெடலை ஒரு மிதி மிதித்துப் பார்த்தேன். மேடையில் என் பக்கத்தில் நாற்பது வருஷம் கேட்ட சத்தம் அது இல்லை. இத்தனை காலம் நான் கேட்டுக்கொண்டிருந்தது உன் காலும் அவள் சேலையும் சேர்ந்த சத்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தலையணையை வெளியே எடுத்துவிட்டேன். அந்தத் துண்டை நானே உள்ளே வைத்துத் தோலை மாட்டிவிடலாம், கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். கை போக மாட்டேன் என்கிறது. வைத்தது அவள். எடுக்க இருந்தது நீ. நடுவில் எனக்கு என்ன வேலை?

இன்னொன்றும் இருக்கிறது. மேடையில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை எப்போதும் உன் இடது பக்கம் நிறுத்தச் சொன்னவன் நான். வலது பக்கம் பாடகர்களுக்கு வேண்டும் என்பேன். முதலில் போனது உன் இடது காது. டாக்டர் அதனால்தான் என்று சொல்லவில்லை, நீயும் சொன்னதில்லை. ஆனால் இந்த மாதம் முழுக்க இரண்டும் சேர்ந்தேதான் என் மனதுக்கு வருகிறது. உன்னிடம் இருந்தவை ஒவ்வொன்றையும் நல்லது செய்கிறேன் என்றே எடுத்திருக்கிறேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதி இரண்டு காகிதம் கிழித்தேன். அந்த வார்த்தை இதற்குப் போதவில்லை. உன்னால் முடியாது என்றால் மன்னிக்க வேண்டாம். தொழுகையில் என் பெயரையும் சொல்லுவேன் என்று முன்னெல்லாம் எழுதுவாய், அதைக்கூட இப்போது கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், நாலாம் தேதி வண்டி ஏறு. ருமானாவுக்காக ஏறு. ஒரு முழமானாலும் அவள் அம்மாவுடையது. உன் கையால் கொடுத்தால் அது அவளுக்குப் போதுமோ என்னவோ, நான் கொடுத்தால் அது வெறும் கிழிந்த துணி. அவளிடம் என்ன சொல்லுவாயோ, எப்படிச் சொல்லுவாயோ, என்னைக் காட்டியே சொல்லு. நான் அங்கேயே நிற்பேன்.

மூன்று வருஷமாக யாரோடும் பேசாமல் இருக்கிறாய். வந்து என்னை ஏசு. எழுதிக் காட்ட வேண்டாம், வாயைத் திறந்து ஏசு. சத்தம் கூடிப்போகுமோ என்று கூச்சப்படாதே. வீட்டில் வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே நாலு பேர் திரும்பிப் பார்க்க ஏசினாலும் சரி. உனக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும்.

வா.

உன்
பாக்கியசாமி